கேளுங்கள், சொல்கிறேன்: நுங்கும் பனம்பழமும் நோயைத் தடுக்குமா?

கோடை இதழில் நுங்கைப் பற்றி நாலு வரி எழுதியிருந்தேன். அதற்கு வந்த கடிதங்களில் பாதிக்குமேல் 'ஆன்டி ஆக்ஸிடன்ட்' பற்றித்தான். அதனால் இந்த முறை பகுதி முழுவதும் பனை வகைப் பழங்களுக்கே. மருத்துவக் கல்லூரியில் உயிர்வேதியியல் நடத்தியவள் நான். உடன்குடிப் பக்கத்துப் பனங்காட்டில் பிறந்து வளர்ந்தவளும்கூட. இரண்டையும் சேர்த்துப் பேச ஒரு வாய்ப்புக் கொடுத்ததற்கு வாசகர்களுக்கு நன்றி.

நுங்கில் 'அந்தோசயனின்' என்ற ஆன்டி ஆக்ஸிடன்ட் இருக்கிறது, அது மார்பகப் புற்றுநோயைத் தடுக்கும், வந்த கட்டியையும் கரைக்கும் என்று எங்கள் வாட்ஸ்அப் குழுவில் வந்தது. என் அக்காவுக்கு 46 வயது. மார்பில் சின்னதாக ஒரு கட்டி தட்டுப்படுகிறது. வலி இல்லை என்பதால் டாக்டரிடம் போகாமல் தினமும் நுங்கு வாங்கிச் சாப்பிடுகிறாள். இது சரியா டீச்சர்? (வாசகி, பரமக்குடி)

சரியில்லை அம்மா. உங்கள் கடிதத்தைப் படித்த அன்றே தனியாகப் பதில் போட்டுவிட்டேன். இதே நிலையில் வேறு யாரும் இருக்கக்கூடும் என்பதால் இங்கேயும் எழுதுகிறேன். வலி இல்லாத கட்டி என்றால் பயமில்லை என்று நம் பெண்கள் நினைக்கிறார்கள். மார்பகப் புற்றுநோய்க் கட்டி ஆரம்பத்தில் பெரும்பாலும் வலிக்காது. அதேசமயம், மார்பில் தட்டுப்படுகிற கட்டிகளில் பெரும்பாலானவை புற்றுநோயும் அல்ல. எது என்ன என்பதை மேமோகிராம், ஸ்கேன், தேவைப்பட்டால் ஊசி வைத்துத் திசு எடுத்துப் பார்ப்பது, இவற்றால்தான் சொல்ல முடியும். அரசு மருத்துவமனையிலேயே பார்க்கலாம். அக்காவைக் கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு போங்கள். வரும் வழியில் இரண்டு பேரும் நுங்கு வாங்கிச் சாப்பிடுங்கள், அதில் தப்பே இல்லை.

இப்போது அந்தச் செய்திக்கு வருவோம். அந்தோசயனின் என்பது ஒரு நிறமி. நாவல்பழம் தின்றால் நாக்கு ஊதாவாகிறதே, அது அந்தோசயனின்தான். கறுப்புத் திராட்சைத் தோலிலும், ஊதாக் கத்தரிக்காய்த் தோலிலும் இருப்பது அதே குடும்பம். நுங்கை எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். அந்தப் பக்கம் இருக்கிற விரல் தெரியும். நிறமே இல்லாத ஒன்றில் நிறமி எங்கிருந்து வரும்? பனங்காயின் வெளித்தோல் கறுப்பாக இருக்கிறது, உண்மைதான். ஆனால் அதை யாரும் தின்பதில்லை, மாட்டுக்குத்தான் போடுகிறோம்.

சரி, நிறமி உள்ள பழம்தான் என்றே வைத்துக்கொள்வோம். அப்போதும் 'புற்றுநோயைக் கரைக்கும்' என்ற பேச்சு எங்கிருந்து கிளம்புகிறது என்பதைச் சொல்ல வேண்டும். வாழைக்காயை நறுக்கி வைத்தால் கொஞ்ச நேரத்தில் கறுத்துப்போகிறது. அது ஆக்ஸிஜன் செய்கிற வேலை. நம் உடம்புக்குள்ளும் ஆக்ஸிஜனைப் பயன்படுத்தும்போது முரட்டுத்தனமான சில மூலக்கூறுகள் உண்டாகின்றன. அவை செல்லின் கொழுப்பையும் மரபுப் பொருளையும் கெடுக்கும். அவற்றை அடக்குகிற பொருளுக்குத்தான் ஆன்டி ஆக்ஸிடன்ட் என்று பெயர்.

ஒரு பழத்தில் அது இருக்கிறதா என்று பார்க்க ஆய்வகத்தில் எளிய சோதனை ஒன்று உண்டு. டிபிபிஎச் என்ற பொருளை மெத்தனாலில் கரைத்தால் நல்ல ஊதா நிறம். அதில் பழச்சாற்றைச் சொட்டுச் சொட்டாக விட வேண்டும். ஆன்டி ஆக்ஸிடன்ட் இருந்தால் ஊதா வெளிறி மஞ்சளாகும். மாணவர்களோடு இதைச் செய்யும்போது எனக்கும் ஆசையாக இருக்கும், பார்க்க அவ்வளவு அழகு. பனம்பழச் சாறு விட்டாலும் மாறும். வெறும் டீ டிகாக்‌ஷன் விட்டாலும் மாறும். இந்த நிற மாற்றத்தை அளந்து எழுதுகிற கட்டுரைதான் கைமாறிக் கைமாறி, கடைசியில் வாட்ஸ்அப்பில் 'கட்டி கரையும்' என்று வந்து நிற்கிறது.

கண்ணாடிக் குழாய்க்கும் உடம்புக்கும் நடுவில் வயிறு, குடல், கல்லீரல் எல்லாம் இருக்கின்றன. பழத்தில் இருக்கிற இந்த வகைப் பொருள்களில் கொஞ்சம்தான் ரத்தத்தில் சேரும். சேர்வதையும் கல்லீரல் மாற்றிச் சீக்கிரமே வெளியே தள்ளிவிடும். உடம்பு தன் காவலுக்குக் குளூட்டாதயோன் போன்றவற்றைத் தானே தயாரித்துக்கொள்கிறது. இன்னொன்றும் உண்டு. கிருமிகளைக் கொல்ல வெள்ளை அணுக்கள் பயன்படுத்துவதே அந்த முரட்டு மூலக்கூறுகளைத்தான். எல்லாவற்றையும் அடக்கிவிட்டால் அதுவும் நல்லதல்ல. அமெரிக்க வேளாண் துறை உணவுகளின் ஆன்டி ஆக்ஸிடன்ட் எண்களைப் பட்டியல் போட்டு இணையத்தில் வைத்திருந்தது. சோதனைக் குழாயில் கிடைத்த எண்ணை வைத்து உடல்நலப் பலனைச் சொல்ல முடியாது, விளம்பரக்காரர்கள் அதைத் தவறாகப் பயன்படுத்துகிறார்கள் என்று 2012இல் அதை எடுத்தேவிட்டது.

இதைவிடக் கனமான பாடம் ஃபின்லாந்திலிருந்து வந்தது. காய்கறி, பழம் நிறையச் சாப்பிடுகிறவர்களுக்கு நுரையீரல் புற்றுநோய் குறைவாக வருகிறது என்று பார்த்தார்கள். அப்படியானால் அதில் இருக்கிற பீட்டா கரோட்டின் என்ற ஆன்டி ஆக்ஸிடன்டை மாத்திரையாகக் கொடுத்தால் இன்னும் நல்லதுதானே என்று நினைத்தார்கள். புகைபிடிக்கும் ஆண்கள் 29,133 பேரை வைத்து ஆய்வு நடந்தது. 1994இல் முடிவு வந்தபோது, பீட்டா கரோட்டின் சாப்பிட்டவர்களிடம் நுரையீரல் புற்றுநோய் 18 சதவீதம் கூடியிருந்தது. குறையவில்லை, கூடியிருந்தது. அமெரிக்காவில் புகைபிடிப்பவர்களையும் ஆஸ்பெஸ்டாஸ் தொழிலாளர்களையும் வைத்து நடந்த இன்னொரு ஆய்விலும் இதே கதைதான். 1996இல் அதைப் பாதியிலேயே நிறுத்தினார்கள். பழமாகத் தின்றால் எந்தக் கெடுதலும் இல்லாத பொருள், பிரித்தெடுத்துப் பெரிய அளவில் கொடுத்தபோது வேறு மாதிரி நடந்துகொண்டது. எந்தப் பழத்தின் பெயரில் மாத்திரை விற்றாலும் எனக்கு இந்த எண்கள்தான் நினைவுக்கு வரும்.

நுங்கைத் தோலோடு சாப்பிடுவதா, தோலை நீக்கியா? (வாசகர், விழுப்புரம்)

தோலோடு. அந்த மெல்லிய தோலில் இருக்கிற துவர்ப்பு டானின் என்ற பொருளால் வருவது. நுங்கில் ஆன்டி ஆக்ஸிடன்ட் என்று எதையாவது காட்டச் சொன்னால் நான் அந்தத் தோலைத்தான் காட்டுவேன். உள்ளே இருப்பதில் பெரும்பகுதி தண்ணீர், கொஞ்சம் சர்க்கரை, கொழகொழப்புக்குக் காரணமான ஒரு வகை நார்ச்சத்து. வெயிலில் அலைந்து வருகிறவருக்கு அது போதாதா என்ன? முற்றின நுங்கை மட்டும் குழந்தைகளுக்குக் கொடுக்காதீர்கள், வயிறு வலிக்கும்.

எங்கட வளவில இரண்டு பனை நிற்குது. ஒன்றின் பழம் நல்ல இனிப்பு, மற்றது கைக்கும். கைக்கிற பழம் சீனி வருத்தத்துக்கு நல்லது எண்டு அம்மம்மா சொல்லுவா. எனக்கு இப்ப சீனி வருத்தம் இருக்கு. அந்தக் களியில பனாட்டுப் போட்டு வைச்சிருக்கிறம். தாராளமாய்ச் சாப்பிடலாமோ ரீச்சர்? (வாசகர், சாவகச்சேரி, இலங்கை)

இந்தக் கேள்வியைப் படித்ததும் எனக்கு அவ்வளவு சந்தோஷம் ஐயா. மரத்துக்கு மரம் பழம் மாறும் என்பதைக் கவனித்து வைத்திருக்கிறீர்கள். எங்கள் ஊரிலும் அப்படித்தான். எந்தப் பனையின் பழத்தைச் சுட்டுத் தின்னலாம், எதைக் கொட்டைக்காக மட்டும் எடுத்து வைக்கலாம் என்று அம்மாவுக்குத் தெரியும். புது மரத்துப் பழம் என்றால் நாரில் ஒட்டியிருக்கிற சதையை நுனிநாக்கில் தடவிப் பார்த்துவிட்டுத்தான் அடுப்பில் போடுவார்.

அந்தக் கைப்புக்கு அறிவியலில் பெயர் உண்டு. ஃபிளாபெல்லிஃபெரின் என்பார்கள். சப்போனின் வகையைச் சேர்ந்தது, அதாவது பூந்திக்கொட்டையை நுரைக்க வைக்கிற பொருளின் உறவு. இதில் பல வகை இருந்தாலும் வாயில் கைப்பது குறிப்பாக ஒன்று. இதைப் பற்றி உலகத்திலேயே அதிகம் ஆராய்ந்தவர்கள் உங்கள் நாட்டுக்காரர்கள். ஸ்ரீ ஜயவர்தனபுரப் பல்கலைக்கழகத்தில் பேராசிரியர் ஜான்ஸும் அவரோடு இருந்தவர்களும் பனங்களியை, அதாவது பனம்பழத்தைப் பிசைந்தெடுத்த சதையை வைத்துப் பல ஆண்டுகள் வேலை செய்தார்கள். கைப்புப் பொருளை எலிகளுக்குக் கொடுத்துப் பார்த்தபோது, குடலிலிருந்து சர்க்கரை ரத்தத்துக்குப் போவது குறைந்தது. குடல் செல்லில் சர்க்கரையை உள்ளே இழுக்க உதவுகிற ஒரு நொதியை அது தடுக்கிறது என்று காரணமும் கண்டார்கள். கைப்பு நீங்க வேண்டுமென்றால் நரிஞ்சினேஸ் என்ற நொதியைச் சேர்க்கலாம் என்பதும் அவர்களின் ஆய்வில் வந்ததே. ஆக, உங்கள் அம்மம்மா சொன்னதில் அர்த்தம் இருக்கிறது.

ஆனால் 'தாராளமாய்' என்ற இடத்தில்தான் உங்களைப் பிடித்து நிறுத்துகிறேன். எலியின் குடலில் தனியாகக் கொடுத்த பொருள் வேறு, பனாட்டு வேறு. பனாட்டு என்பது களியைப் பாயில் தடவி, காய்ந்ததும் மேலே இன்னொரு படை தடவி, தண்ணீரெல்லாம் வற்றிய சதை. தண்ணீர் போகப் போகச் சர்க்கரை இறுகிக்கொண்டே வரும். கைக்கிற பழத்திலும் சர்க்கரை இல்லாமல் இல்லை, கைப்பு அதை மறைக்கிறது, அவ்வளவுதான். விரலளவு ஒரு துண்டு, சாப்பாட்டோடு சேர்த்து, சரி. பனம்பாகில் ஊறவைத்த பாணிப் பனாட்டு வேண்டாம். உங்கள் மாத்திரையை ஒரு வேளைகூட நிறுத்தாதீர்கள். வீட்டில் சர்க்கரை பார்க்கிற கருவி இருந்தால் பனாட்டுச் சாப்பிட்டு இரண்டு மணி நேரம் கழித்துப் பாருங்கள். உங்கள் உடம்பு என்ன சொல்கிறதோ அதுதான் உங்களுக்குக் கணக்கு.

இதே சாக்கில் தமிழ்நாட்டு வாசகர்களுக்கும் ஒன்று: கருப்பட்டியும் சர்க்கரைதான். பனையிலிருந்து வருவதால் சர்க்கரை நோய்க்கு ஆகும் என்று நினைத்துக் காப்பியில் அள்ளிப் போடுகிறவர்களில் வாரம் ஒருவரையாவது பார்க்கிறேன். வேண்டாம்.

பனங்கிழங்கு மாவு கல்லீரலுக்கு ஆகாது என்று ஒருவர் பயமுறுத்துகிறார். உண்மையா? (வாசகி, சாத்தான்குளம்)

அந்தப் பயத்துக்கு ஓர் ஆதாரம் உண்டு. இலங்கையில் பனங்கிழங்கு மாவையே எலிகளுக்கு உணவாகக் கொடுத்துப் பார்த்தபோது கல்லீரலில் பாதிப்புத் தெரிந்தது. பச்சைக் கிழங்கை அப்படியே காயவைத்து இடித்த ஒடியல் மாவைத்தான் இதில் யோசிக்க வேண்டும். யாழ்ப்பாணத்தில் கூழ் காய்ச்சுகிறவர்கள் அந்த மாவை வெறுமனே போடுவதில்லை. தண்ணீரில் ஊறவைத்து, மேல்தண்ணீரை வடித்துக் கொட்டிவிட்டு, பிறகுதான் காய்ச்சுவார்கள். அந்தப் பழக்கத்தை விட்டுவிடக் கூடாது. பொங்கலுக்கு நாம் அவித்துத் தின்கிற கிழங்கைப் பற்றிக் கவலைப்படாதீர்கள். மாவை மட்டும் 'ஹெல்த் மிக்ஸ்' என்று தினமும் குழந்தைக்குக் கரைத்துக் கொடுக்க வேண்டாம்.

செம்பனைப் பழத்தில் கேரட்டைவிட அதிகமாக கரோட்டின் இருக்கிறது என்று படித்தேன். அப்படியானால் ரேஷன் பாமாயில் கண்ணுக்கு நல்லதா? (வாசகர், ஆத்தூர், சேலம்)

படித்தது சரி. செம்பனை என்பது மேற்கு ஆப்பிரிக்காவைச் சொந்த ஊராகக் கொண்ட எண்ணெய்ப் பனை. அதன் பழச் சதையைப் பிழிந்தால் வருகிற எண்ணெய், ஆரஞ்சுச் சிவப்பாக இருக்கும். ஒரு கிலோவில் 500 முதல் 700 மில்லிகிராம் வரை கரோட்டினாய்டு, அதாவது கரோட்டின் வகை நிறமிகள். அங்கே அதைச் சுத்திகரிக்காமல் அப்படியே குழம்பில் ஊற்றிச் சமைக்கிறார்கள். நமக்கு 25 ரூபாய்க்கு வருகிற பாக்கெட்டைப் பாருங்கள், வெளிர் மஞ்சள். நிறத்தை நீக்குகிற மண்ணில் வடிகட்டி, 200 டிகிரிக்குமேல் சூடாக்கி வாசனையை எடுக்கும்போது கரோட்டின் கிட்டத்தட்ட முழுவதும் போய்விடும். பாக்கெட்டில் வைட்டமின் ஏ, டி என்று போட்டிருக்கிறதே, அது பிறகு செயற்கையாகச் சேர்ப்பது. சமைக்க லாயக்கான எண்ணெய்தான், கெட்டதென்று சொல்ல மாட்டேன். ஆனால் அதில் கிட்டத்தட்டப் பாதி நிறைவுற்ற கொழுப்பு. வீட்டில் இதய நோயாளி இருந்தால் அளவைக் குறைத்து, நல்லெண்ணெயோ கடலை எண்ணெயோ மாற்றி மாற்றிப் பயன்படுத்துங்கள்.

மகள் அமெரிக்காவிலிருந்து 'அசாய்' என்ற பொடியை அனுப்பியிருக்கிறாள். அதுவும் பனை வகைப் பழமாம். எடை குறையும், வயதாகாது என்கிறாள். நம்பலாமா? (வாசகி, கும்பகோணம்)

மகளின் அன்பை நம்புங்கள், எடை குறையும் என்பதை வேண்டாம். அசாய் உண்மையிலேயே பனைக் குடும்பம்தான். பிரேசிலில் அமேசான் ஆறு கடலில் சேருகிற பாரா மாநிலத்துச் சதுப்பில் வளர்கிற ஒல்லியான மரம். பழம் பெரிய மணித்தக்காளி மாதிரி, கறுப்பூதா. அதில் பெரும்பகுதி கொட்டை, மேலே மெல்லிசாக ஒரு பூச்சு சதை. பெலெம் நகரத்துச் சந்தையில் விடியுமுன்பே கூடை கூடையாக வந்து இறங்கும், அன்றே அரைத்தாக வேண்டும், வைத்தால் கெட்டுவிடும். அந்த ஊர்க்காரர்களுக்கு அது பழச்சாறு அல்ல, சாப்பாடு. மரவள்ளி மாவோடும் பொரித்த மீனோடும் சேர்த்துச் சாப்பிடுகிறார்கள். கொழுப்பும் நிறைந்த பழம், உழைக்கிறவர்களுக்குத் தெம்பு.

வாட்ஸ்அப் நுங்குக்குச் சொன்ன அந்தோசயனின் நிஜமாகவே இருப்பது இதில்தான். சோதனைக் குழாயில் பிரமாதமான எண்கள் வரும். அந்த எண்களைக் காட்டித்தான் அமெரிக்காவில் எடை குறைக்கும் மருந்தாக விற்றார்கள். செய்தித் தளம் போல வேஷம் போட்டு அசாய் விற்ற இணையதளங்கள்மேல் அந்நாட்டு வணிக ஆணையம் 2011இல் வழக்கே போட்டது. அந்தப் பொடியைத் தயிரில் கலந்து சாப்பிடுங்கள், கெடுதல் இல்லை. தீர்ந்தபின் திரும்ப வாங்கச் சொல்ல வேண்டாம். ஊதா நிறம்தான் வேண்டுமென்றால் ஆடி மாதம் கும்பகோணத்துத் தெருவில் நாவல்பழம் கூவி விற்பார்கள்.

பனம்பழத்தை என் பிள்ளைகள் தொட மாட்டேன் என்கிறார்கள். நார் பல்லில் மாட்டுகிறது, வாசனை பிடிக்கவில்லை என்கிறார்கள். அவ்வளவு சிரமப்பட்டுக் கொடுக்க அதில் என்ன இருக்கிறது? (வாசகி, வேம்பார்)

உங்கள் கேள்விக்காகத்தான் கடைசி இடத்தை வைத்திருந்தேன். அந்த ஆரஞ்சு நிறம் இருக்கிறதே, அது கரோட்டினாய்டு. அதில் ஒரு பங்கை உடம்பு வைட்டமின் ஏ ஆக மாற்றிக்கொள்கிறது. பார்வைக்கும், தோல், குடல், மூச்சுக்குழாய் ஆகியவற்றின் உள்பூச்சு உறுதியாக இருப்பதற்கும், கிருமியை எதிர்க்கவும் அது வேண்டும். குறைந்தால் மாலைக்கண். ஐந்து வயது வரை ஆறு மாதத்துக்கு ஒருமுறை குழந்தைகளுக்கு வைட்டமின் ஏ திரவம் ஊற்றுகிறார்களே, அது இதற்காகத்தான். 'பாதுகாக்கும் பழம்' என்று பனம்பழத்தைச் சொல்ல எனக்குக் காரணம் தேவைப்பட்டால், சோதனைக் குழாயைவிட இது எவ்வளவோ உறுதியானது. இப்போது ஆவணியில் எங்கள் பக்கம் மரத்தடியில் பழம் விழுந்து விழுந்து ஈ மொய்த்துக் கிடக்கிறது. அதே ஊரில் மருந்துக்கடையில் ஆன்டி ஆக்ஸிடன்ட் மாத்திரை விற்கிறது. மனசு கேட்கவில்லை.

பிள்ளைகளுக்கு முழுப் பழத்தைக் கொடுக்காதீர்கள். காலையிலேயே போய், இரவில் விழுந்த பழமாக எடுங்கள். வௌவாலோ அணிலோ கடித்த தடம் இருந்தால், வெட்டி எடுத்துவிட்டு மிச்சத்தைப் பயன்படுத்துவோம் என்று நினைக்காமல் முழுசாக விட்டுவிடுங்கள். வண்டு துளைத்ததும் வேண்டாம். கழுவி, தணலில் தோல் கருகச் சுடலாம், அல்லது துண்டு போட்டு அவிக்கலாம். ஆறியதும் தோலை உரித்து, கொஞ்சம் வெந்நீர் தெளித்துக் கொட்டையோடு பிசைந்தால் நாரிலிருந்து சதை கழன்று வரும். அதைத் துணியில் வடிகட்டினால் நார் பிரச்சினை தீர்ந்தது. யாழ்ப்பாணத்தார் அந்தக் களியைச் சீனி போட்டுப் பச்சை வாசனை போகும்வரை காய்ச்சி, ஆறவைத்து, மாவு சேர்த்துப் பிசைந்து, கிள்ளிக் கிள்ளி எண்ணெயில் பொரித்துப் பணியாரம் செய்வார்கள். பிடிக்காத பிள்ளையை நான் பார்த்ததில்லை. பொரிக்க வேண்டாம் என்றால் களியில் தேங்காய்ப்பாலும் துளிக் கருப்பட்டியும் விட்டுக் காய்ச்சிக் கொடுங்கள். கரோட்டின் உடம்பில் சேரக் கொழுப்பு வேண்டும், தேங்காய்ப்பால் அந்த வேலையைச் செய்யும்.

முதல் தடவை கொஞ்சமாகக் கொடுங்கள், சிலருக்கு வயிறு இளகும். கொட்டையைத் தூக்கிப் போடாமல் கொல்லையில் ஈர மண்ணில் பாத்தி கட்டி அடுக்கிவிடுங்கள். முளைவிட்டதும் ஒன்றிரண்டை வெட்டி, உள்ளே பஞ்சு போல இருக்கிற தவுணை எடுத்துத் தரலாம், மிச்சம் தைக்குக் கிழங்காகும்.